மழை நிற்காத மைதானம்

இரவு முழுக்க மழை. காலையில் கோல்ஃப் ஆட்டம் நடக்குமா என்ற கவலையோடுதான் எட்டுப் பேரும் எழுந்தோம். போர்ட்லாந்திலிருந்து நான்கு மணி நேரத்துக்கும் மேல் கார் ஓட்டி வந்திருந்தோம். பல மாதமாகப் பேசிப் பேசி அமைந்த பயணம் அது. முதல் குழிக்கான டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், போய் நின்றால், மழை பெய்த அடையாளமே காணோம். புல்நுனியில் கொஞ்சம் ஈரம் இருந்தது, அவ்வளவுதான். எங்கும் தண்ணீர் தேங்கவில்லை, ஷூ எங்கும் புதையவில்லை. நண்பர் அடித்த பந்து தரையில் விழுந்து, எழும்பி, தார்ச்சாலையில் விட்டதுபோல் இன்னும் முப்பது மீட்டர் ஓடிப்போய் நின்றது.

நாங்கள் வாராவாரம் ஆடும் மைதானத்தில் இந்த மழைக்குப் பந்து விழுந்த இடத்திலேயே சேற்றில் பதிந்துகொண்டிருக்கும்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், பசிபிக் கடலோரம், பேண்டன் என்ற சிற்றூரை அடுத்து இருக்கிறது பேண்டன் டியூன்ஸ் என்ற கோல்ஃப் மைதானத் தொகுப்பு. வாழ்த்து அட்டைத் தொழிலில் பணம் சேர்த்த மைக் கைசர் இந்த நிலத்தை வாங்கினார். ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் மெக்லே கிட் வடிவமைத்த முதல் மைதானம் 1999இல் திறந்தது. அடுத்து 2001இல் டாம் டோக் வடிவமைத்த பசிபிக் டியூன்ஸ். அப்புறம் ஒவ்வொன்றாக வளர்ந்து, 2020இல் ஷீப் ராஞ்ச் வந்தது. இங்கே வண்டியில் ஏறிச் சுற்ற முடியாது, எல்லாரும் நடந்துதான் ஆட வேண்டும். நான்கு நாள் நடந்தால் அந்த நிலம் காலுக்குப் பழகிவிடும்.

இயற்கையை ஒட்டிய மைதானம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கடல், மேடு, காட்டுப்புல் என்று கண்ணுக்குத் தெரியும் அழகு. எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது காலுக்கு அடியில் இருப்பது. அங்கே இருப்பது மணல்.

பேண்டன் பகுதிக் கடற்கரை படிக்கட்டு படிக்கட்டாக உயர்கிறது. கடலடித் தட்டு ஒன்று கண்டத்துக்கு அடியில் நுழைந்துகொண்டே இருப்பதால், இங்கே கரை மெல்ல மெல்ல மேலே தள்ளப்படுகிறது. சுமார் 80,000 ஆண்டுகளுக்கு முன் அலை அரித்துச் சமப்படுத்திய பழைய கடற்கரை, இன்று செங்குத்தான கரைக்கு மேலே நிற்கிறது. அதன்மேல் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டி மேடும் பள்ளமுமாக ஆக்கியது. காற்று மணலைத் தூக்கிக்கொண்டு பறப்பதில்லை. பெரும்பாலான மணல்துகள்கள் தரையை ஒட்டித் தாவித் தாவிப் போகின்றன. ஒரு துகள் விழும்போது வேறு சில துகள்களை உதைத்து எழுப்புகிறது, அவை தாவுகின்றன. புல் அடர்ந்த இடத்தில் தாவல் நின்று மணல் குவிகிறது. புல் கிழிந்த இடத்தில் காற்று குடைந்து குழியாக்குகிறது. பழைய ஸ்காட்லாந்து மைதானங்களில் பங்கர்கள் எனப்படும் மணல் குழிகள் பல இப்படித் தானாகக் குடைந்த குழிகளிலிருந்து வந்தவைதாம்.

சரி, மழைத் தண்ணீர் எங்கே போனது? களிமண் துகளின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. துகள் அவ்வளவு சிறியது என்றால் துகள்களுக்கு இடையிலான சந்தும் அவ்வளவு சிறியது. அந்தச் சந்துகளில் நுழைந்த தண்ணீர் நகர முடியாமல் ஒட்டிக்கொள்கிறது. மணல்துகள் அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல் பெரியது. சந்து பெரிது என்பதால் புவியீர்ப்பு தண்ணீரை நேரே கீழே இழுத்துவிடுகிறது, காலியான சந்தில் காற்று புகுந்து வேர் மூச்சுவிடுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துகளைச் சுற்றிக் கொஞ்சம் ஈரம் மட்டும் மிஞ்சுகிறது, அந்த ஈரம் மணல்துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. கடற்கரையில் காய்ந்த மணலில் கால் புதையும். அலை வந்து போன இடத்தில் ஓடலாம். பேண்டனில் பந்து ஓடுவதும் இதே காரணத்தால்தான்.

உள்நாட்டு மைதானங்கள் இதைக் காசு கொடுத்துச் செய்கின்றன. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட முறைப்படி, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீன் ஒவ்வொன்றுக்கும் அடியில் சரளைக்கல் பரப்பி, அதன்மேல் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் மணல் நிரப்பி, வடிகால் குழாய் பதிக்கிறார்கள். பேண்டனில் காற்றே மைதானம் முழுக்க மணலைப் போட்டு வைத்திருந்தது.

மணலில் சத்து தங்காது. அதனால் எந்தப் புல் வளரும் என்பதையும் மணலே தீர்மானிக்கிறது. இங்கே பரவியிருப்பது மென்ஃபெஸ்க்யூ என்ற புல். நான் மண்டியிட்டு ஓர் இழையைக் கிள்ளிப் பார்த்தேன். தட்டையாக இல்லை, ஊசிபோல உருண்டிருந்தது. இலை உள்பக்கமாக மடிந்திருப்பதால் தண்ணீர் ஆவியாவது குறைகிறது. மெதுவாக வளரும், உரம் அதிகம் கேட்காது. நிறைய உரமும் தண்ணீரும் கொடுத்தால் இதற்கு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. அப்படிக் கொடுத்தால் வேகமாக வளரும் வேறு புற்கள் நுழைந்து இதைத் துரத்திவிடும். பட்டினி போட்டு வளர்க்க வேண்டிய புல் இது. கோடையில் டீக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள ஃபேர்வே அங்கங்கே பழுப்பாக இருந்தால் பராமரிப்பு சரியில்லை என்று எண்ண வேண்டாம், அது நன்றாக இருக்கிறது.

இந்தப் புல்லுக்குக் குளிர்ச்சியும் வேண்டும். ஆரிகனில் கோடை வெயில் சுள்ளென்று அடிக்குமே, கடலோரத்தில் மட்டும் எப்படிக் குளிர்ச்சி வந்தது? கோடையில் பசிபிக் பெருங்கடலின் மேல் உயர் அழுத்தம் நிலைகொள்கிறது, உள்நிலம் சூடேறி அங்கே அழுத்தம் குறைகிறது. இரண்டுக்கும் நடுவே கரையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காகக் காற்று வீசுகிறது, பிற்பகலில் அது வலுக்கிறது. அந்தக் காற்று கடலின் மேல்நீரைத் தள்ளும்போது, பூமியின் சுழற்சி அந்த நீரை வலப்பக்கமாக, அதாவது கரையை விட்டு மேற்கே, திருப்புகிறது. விலகிப்போன நீரின் இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலே வருகிறது. ஆகஸ்ட் மாதத்திலும் இந்தக் கடலில் இறங்கிக் குளிக்க முடியாது. அந்தக் குளிர்நீரைத் தொட்டு வரும் காற்று கோடைப் பகலையும் 20 டிகிரி செல்சியஸ் அளவில் நிறுத்தி வைக்கிறது.

இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையாகவே சிலிர்த்தது. எங்கள் பந்தைத் தள்ளிக்கொண்டுபோகும் அதே வடகாற்றுதான் இந்தப் புல்லை உயிரோடு வைத்திருக்கிறது.

பந்தைக் காற்று என்ன செய்கிறது என்பதை இரண்டாம் நாள் பார்த்தோம். கொடி 100 மீட்டர் தள்ளி இருந்தது, காற்று முகத்தில் அடித்தது. பழக்கப்படி, பந்தை உயரத் தூக்கும் மட்டையான வெட்ஜை எடுத்து உயர அடித்தேன். பந்து மேலே மேலே ஏறி, ஒரு கணம் நின்று, ஏறக்குறைய நேர்கீழே, கிரீனுக்கு இருபது மீட்டர் முன்னாலேயே விழுந்தது. பின்னோக்கிச் சுழலும் பந்து காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுவதால் பந்து மேலே தூக்கப்படுகிறது. அந்தத் தூக்கலும், பந்தைப் பிடித்திழுக்கும் தடையும் காற்றுக்கும் பந்துக்கும் இடையிலான வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகின்றன. வினாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பந்துக்கு எதிரே 10 மீட்டர் வேகக் காற்று வந்தால், கணக்கு 80க்கு ஆகிறது. வேகம் ஏழில் ஒரு பங்கு கூடியதற்கு விசை ஏறக்குறைய 30 சதவீதம் கூடிவிடுகிறது. ஓங்கி அடித்தால் சுழற்சியும் கூடும், பந்து இன்னும் மேலே ஏறும், நிலைமை இன்னும் மோசமாகும்.

எங்கள் பையைச் சுமந்து வந்த உள்ளூர்க்காரர் அடுத்த குழியில் என் கையில் பந்தைத் தாழ அனுப்பும் ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையைக் கொடுத்தார். “பாதி வீச்சு போதும், தரையோடு விடுங்கள்” என்றார். தரை உரசல் காற்றைத் தடுப்பதால், முழங்கால் உயரத்தில் காற்றின் வேகம் தலைக்கு மேலே இருப்பதைவிட வெகுவாகக் குறைவு. கெட்டியான மணல் பந்தின் ஆற்றலை விழுங்குவதும் இல்லை. பந்து தாழப் பறந்து, மூன்று முறை குதித்து, ஒரு மேட்டின் சரிவில் வளைந்து கிரீனுக்குள் போனது. எட்டுப் பேரும் கத்திவிட்டோம்.

காற்றுக்கு இடம் கொடுத்துத்தான் இங்கே எல்லாம் அமைந்திருக்கிறது. கிரீன்களில் புல்லை மிகவும் ஒட்ட வெட்டினால் நிற்கும் பந்தைக் காற்றே உருட்டிவிடும். 2015 ஓப்பன் கோல்ஃப் போட்டியின்போது ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் பந்துகள் அப்படி உருண்டதால், ஆட்டத்தைப் பத்து மணி நேரத்துக்கும் மேல் நிறுத்தினார்கள். கடலை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும் ஷீப் ராஞ்சில் மணல் பங்கர் ஒன்றுகூடக் கிடையாது.

மைதானத்தின் ஓரமெல்லாம் மஞ்சள் பூவோடு ஒரு முட்புதர். பெயர் கோர்ஸ். படம் எடுக்க அழகாக இருக்கிறது, ஆனால் இந்த மண்ணுக்கு உரியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஜார்ஜ் பென்னட் கொண்டுவந்தது. தண்டிலும் இலையிலும் எண்ணெய்ப் பசை, ஈரத்திலும் பற்றி எரியும். 1936 செப்டம்பரில் காட்டுத்தீ இந்தப் புதர்களில் ஏறி பேண்டன் ஊரையே எரித்துவிட்டது. விதை மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும் என்பதால் இன்றும் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

கடைசி நாள் மாலை என் பந்து கிரீனுக்கு வெளியே நாற்பது மீட்டரில் நின்றது. வெட்ஜ் பக்கம் கை போகவில்லை. பந்தைத் தரையோடு உருட்டும் மட்டையான புட்டரை எடுத்து, இடப்பக்க மேட்டைப் பார்த்து உருட்டினேன். மேடேறி, திரும்பி, காற்றோடு சேர்ந்து இறங்கி, குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. அடுத்தவர் புட்டரை எடுத்தார்.