முழங்காலுக்குக் கீழே குத்தினால் இரைப்பை எப்படி அசைகிறது?

உப்புசம், குமட்டல், சாப்பிட்டது செரிக்காமல் கல்லாய்க் கிடப்பது என்று எதைச் சொன்னாலும் சீன மருத்துவரின் கை பெரும்பாலும் காலுக்குத்தான் போகும். உடலில் உயிராற்றல் ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் பாதைகளில் ஒன்றான இரைப்பைத் தடத்தின் 45 புள்ளிகளில் 36ஆவது அங்கேதான் இருக்கிறது. பெயர் ஸூசான்லி, சுருக்கமாகச் சான்லி. அக்குபங்சர் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பழைய செய்யுள் ஒன்று, வயிற்றுக்குச் சான்லி என்றே தொடங்குகிறது.

புள்ளியைக் கண்டுபிடிக்க, முழங்காலை மடக்கி உட்காருங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநாரின் இரு பக்கமும் இரண்டு குழிகள் தெரியும். கன்றுக்குட்டியின் மூக்குத் துவாரங்களைப் போலவே இருப்பதால் வெளிப்பக்கக் குழிக்குச் சீனத்தில் ‘கன்றின் மூக்கு’ என்றே பெயர். அதிலிருந்து நேர் கீழே 3 சுன். சுன் என்பது அவரவர் உடலைக் கொண்டே அளக்கும் சீன அளவு. அங்கே முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே. நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் 3 சுன். ஆனால் அவை நோயாளியின் விரல்களாக இருக்க வேண்டும். குழந்தையின் காலை மருத்துவர் தன் விரலால் அளந்தால் புள்ளி கீழே இறங்கிவிடும். குழிக்குப் பதிலாகச் சில்லின் விளிம்பிலிருந்து அளப்பதும் அடிக்கடி நடக்கும் பிழை. சரிபார்க்க, பாதத்தை மேல்நோக்கி உயர்த்தச் சொல்லுங்கள். விரலடியில் தசை திரண்டு எழும்.

ஊசி செங்குத்தாக 1 முதல் 2 சுன் வரை இறங்கும். ஆழத்தில் கனம், மதமதப்பு, புளித்தாற்போன்ற வலி வர வேண்டும். சீனர்கள் இதை ‘தெ சி’ என்பார்கள். பாதம் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் சுண்டினால், உள்ளே ஓடும் நரம்பை ஊசி தொட்டுவிட்டது. உடனே சற்று வெளியே இழுக்க வேண்டும்.

காலுக்கும் இரைப்பைக்கும் என்ன தொடர்பு? 1993இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மயக்கநிலை எலிகளில் சோதித்தார்கள். வயிற்றில் குத்தினால் தண்டுவடம் வழியே, செரிமானத்தை அடக்கும் பரிவு நரம்பு தூண்டப்பட்டு இரைப்பையின் அசைவு அடங்கியது. காலில் தூண்டியபோது செய்தி மூளை வரை போய், மூளையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு வழியே திரும்பி, அசைவைக் கூட்டியது. செரிமானத்தை முடுக்க வயிற்றை விட்டுக் காலைத் தேடுவதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

2021இல் ஹார்வர்டின் ச்யூஃபு மா குழு சுண்டெலிகளில் இன்னும் நுணுகிப் பார்த்தது. இந்தப் புள்ளியின் ஆழத் திசுக்களில் ஒரு குறிப்பிட்ட வகை உணர்வு நரம்பணுக்கள் இருக்கின்றன. 0.5 மில்லியாம்பியர் மின்தூண்டலே அவற்றை எழுப்பி, வேகஸ் வழியே, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி வரை செய்தி அனுப்பி, அழற்சியைத் தணித்தது. அதே மின்தூண்டலைத் தொடையின் பின்தசையில் கொடுத்தபோது பலன் இல்லை. இதெல்லாம் விலங்குச் சோதனை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் இன்னும் ஒன்றுபோல் இல்லை.

வீட்டில் கட்டைவிரலால் இரண்டு நிமிடம் அழுத்தலாம், ஆனால் ஊசி தொடும் ஆழத்தை விரல் எட்டாது. மலம் கறுத்துப் போனாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ புள்ளியைத் தேடிக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.