சர்க்கரை ஏறியது கணையத்துக்கு எப்படித் தெரிகிறது?

"சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், உடனே கணையம் இன்சுலின் சுரக்கும் என்று படிக்கிறோம். சரி, ஏறியது கணையத்துக்கு எப்படித் தெரியும்?" பிளஸ் டூ மாணவி ஒருவர் கேட்டது இது. பாடப்புத்தகம் தாண்டிப் போய்விடுகிற இடத்தில் சரியாகக் கை வைத்திருக்கிறார்.

மற்றது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இன்சுலின் வந்தால் தசையும் கொழுப்பும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், கல்லீரல் அதைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும். சர்க்கரை இறங்கினால் குளுக்ககான் என்ற இன்னொரு ஹார்மோன் சுரந்து, சேர்த்து வைத்ததை வெளியே விட வைக்கும். ஆனால் அளவைக் கொஞ்சம் யோசியுங்கள். வெறும் வயிற்றில் உடம்பிலுள்ள 5 லிட்டர் ரத்தத்திலும் சேர்த்துக் குளுக்கோஸ் சுமார் 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன். நாலு இட்லியில் அதைப்போலப் பல மடங்கு மாவுச்சத்து உள்ளே போகிறது, அப்படியும் நலமாக இருப்பவருக்கு இரண்டு மணி நேரத்தில் அளவு 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 140 மில்லிகிராமுக்குக் கீழே வந்துவிடுகிறது. இவ்வளவு துல்லியம் வேண்டுமென்றால் யாரோ ஓயாமல் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

அளப்பவை கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள். எப்படி அளக்கின்றன என்பதுதான் எனக்கு இன்றும் அலுக்காத விஷயம்: அவை குளுக்கோஸைச் சாப்பிட்டுப் பார்த்து அளக்கின்றன! ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே அப்படியே நடக்கிறது. ரத்தத்தில் குளுக்கோஸ் கூடினால் இந்தச் செல்லுக்குள்ளும் கூடும். உள்ளே, குளுக்கோஸை எரிப்பதன் முதல் படியைத் தொடங்கிவைக்க, குளுக்கோகைனேஸ் என்றொரு நொதி காத்திருக்கிறது. மற்ற செல்களில் இதே வேலையைச் செய்யும் நொதிகள் கொஞ்சம் குளுக்கோஸ் கிடைத்தாலே முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிடும், அதற்கு மேல் சர்க்கரை ஏறினாலும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. குளுக்கோகைனேஸ் அப்படியில்லை, நம் ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும் அதே எல்லைக்குள் அதன் வேகமும் ஏறி இறங்குகிறது.

குளுக்கோஸ் எரிந்து வரும் ஆற்றலில் ஏ.டி.பி. உருவாகிறது, செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு இது. செல்லின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு, சும்மா இருக்கும்போது பல திறந்தே இருக்கும். ஏ.டி.பி. போய் ஒட்டினால் வாசல் மூடிக்கொள்ளும். பொட்டாசியம் உள்ளேயே தங்க, சவ்வின் மின்னழுத்தம் மாற, அந்த மாற்றத்தில் கால்சியம் வாசல்கள் திறக்க, கால்சியம் பாய்ந்ததும் தயாராக நிற்கும் இன்சுலின் பொட்டலங்கள் சவ்வோடு ஒட்டி வெளியே கொட்டுகின்றன. அளப்பதற்கென்று தனி உறுப்பு கிடையாது, மூளையின் உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தப் பொட்டாசியம் வாசல் குளுக்கோஸ் வந்தால் மூடுகிறது என்பதை 1984-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபிரான்சஸ் ஆஷ்கிராஃப்ட் குழுவினர் எலியின் பீட்டா செல்லில் காட்டினார்கள். எலி செல்லில் ஒரு துளையைப் பார்த்து யாருக்கு என்ன லாபம் என்று அன்றைக்கே நிதியை வெட்டியிருக்கலாம். 20 வருஷம் கழித்து, 2004-ல், பிறந்து ஆறு மாதத்துக்குள் நீரிழிவு வரும் குழந்தைகள் பலருக்கு இந்த வாசலின் மரபணுவில்தான் பிழை என்று தெரிந்தது. அவர்களுக்கு ஏ.டி.பி. வந்தாலும் வாசல் மூடாது. கிளிபென்கிளமைடு என்ற பழைய, மலிவான மாத்திரையோ வேறு வழியில் அதே வாசலை மூடக்கூடியது! தினமும் ஊசி போட்டுக்கொண்டிருந்த இந்தக் குழந்தைகளில் பெரும்பாலானோர் மாத்திரைக்கு மாறினார்கள். உடனே பலன் கேட்கும் நிதிக் குழுக்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மாத்திரை வேலை செய்ய பீட்டா செல் உயிரோடு இருக்க வேண்டும். முதல் வகை நீரிழிவில் அந்தச் செல்களையே உடம்பின் எதிர்ப்பு சக்தி அழித்துவிடுகிறது. அந்தக் குழந்தைக்கு ஊசியை நிறுத்திவிட்டு இலைச்சாறு கொடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் சில நாட்களிலேயே உயிர் போய்விடக்கூடும்.

இன்னொன்று, இரண்டாம் வகை நீரிழிவுக்குக் கொடுக்கும் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, வாசலை மூடிவிடும், இன்சுலினும் கொட்டும். சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம், அதனால் இந்த மாத்திரை போடுபவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. விரதம் இருப்பதென்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.