ஒரு டி-ஷர்ட்டின் அடக்கம் 148 ரூபாயா, 134.50 ரூபாயா?

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனியில் கேட்டாலும் “இந்த பீஸ் என்ன அடக்கம்?” என்ற கேள்விக்குச் சட்டென்று ஒரு எண் வந்துவிடும். மாதம் எத்தனை பீஸ் ஓடும் என்று யாரோ எப்போதோ போட்ட ஓர் அனுமானமும் அந்த எண்ணுக்குள் இருக்கும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அனுமானம் மாறினால் அடக்கமும் மாறும். பழைய அடக்கத்தை வைத்தே ஆர்டரை ஏற்பதும் மறுப்பதும்தான் பல யூனிட்டுகளில் நடக்கிறது.

செலவுக் கணக்கியலின் அடிப்படைச் சொற்களைப் புரிந்துகொள்ள ஒரு சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட் போதும். 180 ஜி.எஸ்.எம். துணி (சதுர மீட்டருக்கு 180 கிராம்), பீஸுக்கு வெட்டுக் கழிவு உட்பட 220 கிராம். கீழே உள்ள விலைகள் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. நூல் விலை மாதாமாதம் மாறுவது எல்லோருக்கும் தெரியும்.

நூல் கிலோ 270 ரூபாய், அதைத் துணியாகப் பின்னும் நிட்டிங் 13, சாயமேற்றும் டையிங் 80, துணி பின்னால் சுருங்காமல் இறுக்கும் காம்பாக்டிங் 9. கூட்டினால் 372. சாயப்பட்டறையிலிருந்து திரும்பும்போது எடை குறையும். அந்த நஷ்டம் 7 சதவீதம் என்று வைப்போம். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். 372-ஐ 1.07-ஆல் பெருக்கி 398.04 என்று எழுதுகிறார்கள். உள்ளே போன ஒரு கிலோவுக்கு வெளியே வருவது 930 கிராம்தான் என்பதால் 0.93-ஆல் வகுக்க வேண்டும், வருவது 400. வித்தியாசம் கிலோவுக்கு 1.96 ரூபாய்தானே என்று தோன்றும். 10,000 பீஸுக்கு 2,200 கிலோ துணி வேண்டும், அதில் 4,312 ரூபாய் விட்டுப்போகிறது. ஆர்டர் முடிந்தபின் ‘எங்கே போனது’ என்று தேடப்படும் பணத்தில் ஒரு பகுதி இதுதான்.

ஆக துணி பீஸுக்கு 88 ரூபாய். கட்டிங் முதல் பேக்கிங் வரை பீஸ் ரேட் கூலி 19. அதன் மேல் முதலாளி பங்காக பி.எஃப். 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் சேர்ந்தால் 21.90, 22 என்று வைக்கலாம். தையல் நூல், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டிக்கு 6.50. இந்த மூன்றும் பீஸ் கூடக் கூட மொத்தத்தில் கூடும், ஒரு பீஸுக்கு மட்டும் அப்படியே நிற்கும். இவை மாறும் செலவுகள்.

கட்டட வாடகை 1,20,000, சூப்பர்வைசர், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், ஆபீஸ் சம்பளம் 3,60,000, மெஷின் தேய்மானம் 1,08,000, இன்சூரன்ஸ், ஆடிட் போன்றவை 30,000. மாதத்தில் ஒரு பீஸ்கூடத் தைக்காவிட்டாலும் இந்தச் செலவுகள் உண்டு. இவை நிலையான செலவுகள். மொத்தத்தில் நிலையாக நிற்பதால் பீஸுக்கு என்று வகுத்தால் ஆட்டம் காணும். மாறும் செலவின் குணம் இதற்கு நேர் தலைகீழ்.

கரண்ட் பில்லை எதில் சேர்ப்பது? இரண்டிலும் பாதி. தாழ்வழுத்த இணைப்பில் கிலோவாட் கணக்கில் ஒரு நிலைக் கட்டணம் உண்டு. உயர் அழுத்த இணைப்பு என்றால், பதிவான டிமாண்ட் (ஒரே நேரத்தில் இழுத்த உச்ச மின் அளவு) அல்லது அனுமதிக்கப்பட்ட டிமாண்டில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது வரும். அதன் மேல் யூனிட் கணக்கு. இப்படிக் கலந்திருக்கும் செலவைப் பிரிக்க எளிய வழி, உற்பத்தி மிக அதிகமான மாதத்தையும் மிகக் குறைந்த மாதத்தையும் எடுத்து ஒப்பிடுவது. 40,000 பீஸ் ஓடிய மாதம் கரண்டும் டீசலும் சேர்த்து 1,02,000 ரூபாய். 22,000 பீஸ் மாதம் 75,000. 18,000 பீஸ் வித்தியாசத்துக்கு 27,000 ரூபாய், அதாவது பீஸுக்கு 1.50. 40,000 பீஸுக்கு இது 60,000. மீதி 42,000 நிலையானது. சரிபார்க்க, 22,000 பீஸுக்கு 33,000 ரூபாய், கூட 42,000, மொத்தம் 75,000.

இந்த முறை இரண்டே இரண்டு மாதங்களை நம்பியிருக்கிறது, அதுதான் அதன் பலவீனம். எடுத்த மாதத்தில் நீண்ட மின்தடை வந்து ஜெனரேட்டர் ஓடியிருந்தாலோ, இடையில் ஜூலையில் கட்டணம் மாறியிருந்தாலோ, மீட்டர் ரீடிங் எடுத்த தேதிக்கும் உற்பத்திக் கணக்கு முடித்த தேதிக்கும் பத்து நாள் இடைவெளி இருந்தாலோ வரும் எண் பொய். பன்னிரண்டு மாதப் புள்ளிகளையும் ஒரு வரைபடத் தாளில் குறித்து, கூட்டத்தைவிட்டுத் தனியே நிற்கும் புள்ளியை ஒதுக்கிவிட்டு அப்புறம் கணக்குப் போடுவது நல்லது. எக்ஸலில் கோடு பொருத்தும் வசதி ஒரு நிமிட வேலை, ஆனால் தனியே நிற்கும் புள்ளியைப் பார்க்காமல் பொருத்தினால் அதுவும் ஏமாற்றும்.

இப்போது முழுக் கணக்கு. மாறும் செலவு பீஸுக்கு 88, 22, 6.50, 1.50 சேர்ந்து 118. நிலையான செலவு, மேலே சொன்ன 6,18,000-உடன் கரண்டின் 42,000 சேர்ந்து மாதம் 6,60,000. விற்பனை விலை 148 என்றால், ஒவ்வொரு பீஸும் 30 ரூபாயை நிலையான செலவின் பக்கம் தள்ளுகிறது. இதைத்தான் பங்களிப்பு என்கிறார்கள். 6,60,000-ஐ 30-ஆல் வகுத்தால் 22,000 பீஸ். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அந்த மாதம் அடக்கம் பீஸுக்கு 148. அதே பீஸ், அதே துணி, அதே டெய்லர். 30,000 ஓடினால் அடக்கம் 140, 40,000 ஓடினால் 134.50.

சரி, 30,000 பீஸ் ஓடும் மாதத்தில் ஒருவர் வந்து 5,000 பீஸை 130 ரூபாய்க்குக் கேட்கிறார். “அடக்கமே 140, எப்படிங்க கட்டும்?” என்று அனுப்பிவிடுவதுதான் வழக்கம். 140-இல் 22 ரூபாய் ஏற்கெனவே உள்ள ஆர்டர்கள் சுமந்துகொண்டிருக்கும் நிலையான செலவு. புது ஆர்டரால் கூடும் செலவு 118 மட்டுமே. ஏற்றால் பீஸுக்கு 12 ரூபாய், மொத்தம் 60,000 ரூபாய் கூடுதலாக நிற்கும்.

இதைப் படித்துவிட்டு 130-க்கு வருகிற எல்லாவற்றையும் எடுத்தால் கடை மூட வேண்டியதுதான். எல்லா ஆர்டரும் 12 ரூபாய் பங்களிப்பில் ஓடினால் 6,60,000-ஐ எட்ட 55,000 பீஸ் வேண்டும். மெஷின்கள் அத்தனை தைக்காது. இரண்டாவது, இந்த விலை பழைய பையரின் (ஆர்டர் தந்து வாங்குபவரின்) காதுக்குப் போகக்கூடாது. திருப்பூரில் அது எத்தனை நாள் நடக்கும் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது, மெஷின் காலியாக இருக்க வேண்டும். யூனிட்டின் உச்ச அளவு 40,000, கையில் 148 ரூபாய் ஆர்டரே 38,000 இருக்கிறது என்று வையுங்கள். 5,000-ஐ நுழைத்தால் 3,000 பீஸ் நல்ல ஆர்டரைக் கைவிட வேண்டும். அதில் போவது 90,000, இதில் வருவது 60,000. நிகர இழப்பு 30,000. கைவிட்ட 90,000 எந்தப் பில்லிலும் வராது, எந்தப் பேரேட்டிலும் ஏறாது. ஆனாலும் அது செலவுதான். வாய்ப்புச் செலவு என்று பெயர். ஒரு நோக்கத்துக்கு எடுத்த அடக்கம் இன்னொரு நோக்கத்துக்கு உதவாது என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் மாரிஸ் கிளார்க் 1923-லேயே வலியுறுத்தினார்.

40,000-ஐத் தாண்ட இரண்டாவது ஷிஃப்ட் போடலாமே என்றால், நிலையான செலவு படியேறும். இன்னொரு சூப்பர்வைசர், செக்கிங் ஆள், வாட்ச்மேன், இரவில் ஆட்களைக் கொண்டுவிட வேன். சேர்த்து மாதம் 1,10,000 என்று வைத்தால் அந்த ஷிஃப்ட் தன் செலவை மட்டும் எடுக்கவே 3,667 பீஸ் தைக்க வேண்டும். 2,000 பீஸுக்காக ஷிஃப்ட் திறந்தால் கையிலிருந்து போகும். ‘நிலையானது’ என்ற சொல்லுக்கு ஓர் எல்லைக்குள் மட்டுமே பொருள் உண்டு. அந்த எல்லைக்கு வெளியே பழைய கணக்கை நீட்டிக்கொண்டு போகக்கூடாது.

மாறும் செலவுக்கும் அதே கதைதான், கீழ்ப்பக்கமாக. கிலோ 80 ரூபாய் டையிங் என்பது சாயப்பட்டறையின் மெஷின் நிறையும் அளவுக்குத் துணி கொடுத்தால் கிடைக்கும் ரேட். 250 கிலோ மெஷினில் 90 கிலோ போட்டால் தண்ணீர், நீராவி, நேரம் எதுவும் அதே விகிதத்தில் குறையாது. பட்டறை குறைந்தபட்ச எடைக்குப் பில் போடும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத சுத்திகரிப்பு கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. அதற்கான முதலீடும் பராமரிப்பும் பட்டறைக்குப் பெரிய நிலையான செலவு. அவர்களின் நிலையான செலவு உங்கள் கையில் வந்து சேரும்போது கிலோ ரேட்டாக, மாறும் செலவாகத் தெரிகிறது. அவர்கள் ஏன் சின்ன லாட்டை வாங்க முகம் சுளிக்கிறார்கள் என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

பிரிண்டிங் ஸ்கிரீன் இன்னொரு வகை. நான்கு கலர் டிசைனுக்கு நான்கு ஸ்கிரீன், ஒன்று 600 என்றால் 2,400. 500 பீஸ் ஆர்டரில் பீஸுக்கு 4.80, 5,000-இல் 48 பைசா. இந்தச் செலவு பீஸ் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, டிசைன் எண்ணிக்கையைப் பார்க்கிறது. மொத்தச் செலவையும் பீஸால் வகுக்கும் யூனிட்டில் பெரிய ஆர்டர்கள் சின்ன ஆர்டர்களின் செலவைத் தெரியாமலே சுமக்கும். 1980-களின் இறுதியில் ராபின் கூப்பரும் ராபர்ட் கப்லனும் எந்த வேலை செலவை உண்டாக்குகிறதோ அதை வைத்துப் பிரிக்கும் செயல்சார் செலவுக் கணக்கைப் பரப்பியது இந்தக் கோணலைச் சரிசெய்யத்தான்.

இன்னொரு குழப்பம்: நேரடிச் செலவு என்றால் மாறும் செலவு, மறைமுகச் செலவு என்றால் நிலையான செலவு என்று பலரும், சில பாடக் குறிப்புகள்கூட, ஒன்றாக்கிவிடுகிறார்கள். நேரடியா மறைமுகமா என்பது ‘எதற்கான செலவு என்று விரல் நீட்டிச் சொல்ல முடியுமா’ என்ற கேள்வி. நிலையானதா மாறுவதா என்பது ‘அளவு கூடினால் என்ன ஆகும்’ என்ற கேள்வி. ஒரே பையரின் ஆர்டர் மூன்று மாதம் ஓடும் லைனுக்கென்றே போட்ட சூப்பர்வைசர் சம்பளம் அந்த ஆர்டருக்கு நேரடிச் செலவு, ஆனால் பீஸைப் பொறுத்து நிலையானது. ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்களின் எண்ணெயும் ஊசியும் ஓடுவதற்கேற்ப மாறும். எந்த ஆர்டருக்கு எத்தனை என்று எண்ணுவது வேலைக்காகாது என்பதால் மறைமுகம்.

கூலியும் இப்படித்தான். பீஸ் ரேட் டெய்லர் மாறும் செலவு. ஷிஃப்ட் சம்பள டெய்லர், துணி வராமல் உட்கார்ந்திருக்கும் நாளிலும் சம்பளம் வாங்குவார். நல்ல டெய்லரை அனுப்பிவிட்டால் சீசனில் திரும்பக் கிடைக்கமாட்டார் என்பதால் முதலாளியும் வைத்துக்கொள்வார். ஏறும் வேகத்தில் செலவு இறங்குவதில்லை. மார்க் ஆண்டர்சன், ராஜீவ் பாங்கர், சூர்யா ஜானகிராமன் மூவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் 7,629 நிறுவனங்களின் 20 ஆண்டுக் கணக்குகளைப் பார்த்தார்கள். விற்பனை 1 சதவீதம் கூடினால் விற்பனை, நிர்வாகச் செலவுகள் சராசரியாக 0.55 சதவீதம் கூடின. 1 சதவீதம் குறைந்தால் 0.35 சதவீதமே குறைந்தன. ஏற்றத்தில் எடுத்த எண்ணை வைத்து இறக்கத்துக்குப் பட்ஜெட் போடுகிறவர்களுக்கு இது முக்கியம்.

கடைசியாக, கையிருப்பு. 6,60,000-இல் தொழிற்கூடத்தைச் சேர்ந்தது 4,40,000 என்று வைப்போம். விற்பது 22,000 பீஸ்தான், ஆனால் 33,000 தைத்து 11,000-ஐ குடோனில் அடுக்குகிறோம். அப்போது 4,40,000-இல் மூன்றில் ஒரு பங்கு, 1,46,667 ரூபாய், ஸ்டாக்கின் மதிப்போடு போய் ஒட்டிக்கொள்ளும். லாபம் அந்த அளவு கூடித் தெரியும், பாங்க் கணக்கிலோ 11,000 பீஸுக்கான துணியும் கூலியும் கூடுதலாக வெளியே போயிருக்கும். இந்தியக் கணக்கியல் நியமம் 2, உற்பத்தியின் நிலையான செலவை வழக்கமான உற்பத்தித் திறனை வைத்தே ஸ்டாக்கில் ஏற்றச் சொல்கிறது. வழக்கமான அளவு 33,000 இருக்க, ஒரு மந்த மாதத்தில் 16,500 மட்டும் தைத்தால் பீஸுக்கு 26.67 என்று ஏற்றக்கூடாது. 13.33-தான் ஏற்றலாம், மீதி 2,20,000 அந்த ஆண்டின் செலவாக லாப நட்டக் கணக்குக்கே போகும். சாயம் பிசகி ஒதுக்கிய துணி போன்ற அசாதாரணக் கழிவும் ஸ்டாக் மதிப்பில் சேராது.