ஜோதியின் கரியைத் தேய்த்துவிடாதீர்கள்

அருங்காட்சியகங்களில் உள்ள உலோகப் பொருள்களைப் பாதுகாப்பது என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விளையாட்டு அருங்காட்சியகத்துக்கு 1948 லண்டன் ஒலிம்பிக் ஜோதி ஒன்று வந்தது. அதை ஏந்தி ஓடியவரின் குடும்பத்தார் கொடுத்தது. பெட்டியைத் திறந்தால் கண்ணாடி மாதிரி பளபளத்தது. "இங்கே கொடுக்கப்போகிறோம் என்பதால் இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தோம்" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

தேய்த்ததில் போனது அழுக்கு இல்லை. 1948-இல் தொடர் ஓட்டத்தில் வந்த ஜோதிகள் அலுமினியக் கலவையால் ஆனவை. வடிவமைத்தவர் ரால்ஃப் லேவர்ஸ். எரிபொருள், ஹெக்சமின் என்ற திட எரிபொருள் வில்லைகள். அவற்றில் கொஞ்சம் நாப்தலீனும் உண்டு, நம் வீட்டு அந்துருண்டையில் இருந்த அதே பொருள்தான். நாப்தலீன் எரிந்தால் சுடர் நன்றாகத் தெரியும், கரியும் படியும். ஆனால் அரங்கத்துக்குள் கடைசியாக ஜான் மார்க் ஏந்தி வந்த ஜோதி வேறு. அது துருப்பிடிக்காத எஃகு, உள்ளே மக்னீசியம். பகல் வெளிச்சத்திலும் சுடர் கண்ணில் படவேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. மக்னீசியம் எரிந்தால் மிஞ்சுவது வெள்ளைச் சாம்பல். 1956 மெல்போர்னில் ரான் கிளார்க் ஏந்திய கடைசி ஜோதியும் மக்னீசியத்தில்தான் எரிந்தது; தெறித்த பொறிகள் அவர் கையைச் சுட்டன.

ஆக, ஒரு ஜோதி உண்மையிலேயே எரிந்ததா, எதில் எரிந்தது, இல்லை ஓடாமலே பெட்டியில் கிடந்த உபரியா என்று எங்களுக்குச் சொல்வது ஜோதியின் உச்சியில் எரிபொருள் எரியும் கிண்ணத்தின் உட்புறம்தான். அதைத் துடைத்துவிட்டால் பிறகு யார் வாய்ச்சொல்லை நம்புவது?

வெள்ளி, செவ்வாய் வந்தால் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து வளர்ந்தவர்கள் நாம். பித்தளை விளக்குக்கு அது சரி. அலுமினியத்தைக் காப்பாற்றுவது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். புளியின் அமிலமும், கடையில் விற்கும் பாலிஷில் உள்ள அம்மோனியாவும் அந்தப் படலத்தை அரிக்கும். வெறுங்கையால் தொட்டாலும் ஆபத்துதான்: வியர்வையின் உப்பு படலத்தைத் துளைத்து, சின்னச் சின்னக் குழிகளாக, வெள்ளைப் பொடியாகக் கிளம்பும். கண்ணுக்குத் தெரியச் சில மாதங்கள் ஆகலாம். பஞ்சுத் துணிக் கையுறை வேண்டாம், வழுக்கும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை போடுங்கள்.

பிற்கால ஜோதிகளில் எரிவாயு. 2012 லண்டன் ஜோதியில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருந்தது. அப்படி ஒன்று உங்கள் வீட்டிலோ பள்ளி அலமாரியிலோ இருந்தால், உள்ளே எரிவாயுக் குப்பி இருக்கிறதா என்று தெரிந்தவரை வைத்து முதலில் பாருங்கள். காட்சிக்கு வைப்பதெல்லாம் அப்புறம்.

வீட்டில் ஜோதியோ பதக்கமோ கோப்பையோ வைத்திருப்பவர்கள் என்னைக் கேட்டால், முதலில் அது இருக்கிறபடியே நான்கு பக்கமும் படம் எடுங்கள் என்பேன். தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும். ஈரத்துணி வேண்டாம். ஓடியவர் உயிரோடு இருந்தால், எந்தச் சாலை, எந்த நாள், யாரிடமிருந்து சுடரை வாங்கினார் என்று இன்றைக்கே கேட்டு எழுதி, ஜோதியுடனேயே வையுங்கள்.

அந்தப் பளபளத்த ஜோதியைப் பூதக்கண்ணாடி வைத்து மூன்று மணி நேரம் பார்த்தேன். கிண்ணத்தில் வெட்டியிருந்த ஒலிம்பிக் வளையங்களின் ஓரத்தில், துணி நுழையாத ஒரு மூலையில், கடுகளவு கரி ஒட்டியிருந்தது. பதிவேட்டில் அந்த இடத்தைக் குறித்து, "தொடக்கூடாது" என்று எழுதி வைத்தேன்.