ஸ்டேஷன்னா எல்லா இடத்துலயும் நிலையமா?

மூணாவது தடவையா கேட்டுட்டேன், இனி பொறுக்க முடியல. ஆஸ்திரேலியா பத்தின டாக்குமெண்டரி, தமிழ் டப்பிங், குரல் ரொம்ப சீரியஸா சொல்லுது: "அவரது தாத்தா ஒரு செம்மறியாட்டு நிலையத்தில் பிறந்தவர்." இங்கிலீஷ்ல அது ஷீப் ஸ்டேஷன், அதாவது ஆடு மேய்க்கிற பெரிய இடம். எனக்கு ரெண்டாம் பிளாட்ஃபாரத்துல வரிசையா நிக்கிற ஆடுங்கதான் கண்ணுல வந்துச்சு.

நிக்கிற இடம்ங்கிற லத்தீன் சொல்லுல இருந்து வந்ததுதான் ஸ்டேஷன். அதனால தந்தி நிலையம், ரயில் நிலையம் எல்லாம் சரி. ஆனா ஆஸ்திரேலியாவுல அந்தச் சொல்லு வேற பக்கம் போயிடுச்சு. 1829ல நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம் இந்த 19 கவுண்டிக்குள்ளதான் (நம்ம மாவட்டம் மாதிரி) குடியேறலாம்னு எல்லை போட்டுச்சு, அதைத் தாண்டி மந்தையை ஓட்டிட்டுப் போனவங்க ஆளையும் ஆட்டையும் நிறுத்தி வெச்ச இடம் ஸ்டேஷன் ஆச்சு. 1836ல வருஷம் 10 பவுண்டு லைசென்ஸ் கட்டினா மேய்ச்சுக்கலாம்னு அரசாங்கமே இறங்கி வந்துடுச்சு. (இப்படி எல்லை தாண்டிப் போன ஸ்குவாட்டர்களை "ஆக்கிரமிப்பாளர்"னு எழுதறாங்க. லைசென்ஸ் கட்டின ஆளுக்கு அது பொருந்தாதேன்னு சொல்ல வந்தேன், பூர்வகுடிங்க பக்கம் நின்னு பார்த்தா அதைவிடப் பொருத்தமான சொல்லே இல்ல, விட்டுடறேன்.)

சரி, "பண்ணை"ன்னு போட்டா என்னன்னு கேப்பீங்க. பண்ணைன்னா நமக்கு வயலும் பண்ணையாரும், இல்லாட்டி ஷெட் போட்ட கோழிப்பண்ணை. அங்க அன்னா க்ரீக்ங்கிற மாட்டு ஸ்டேஷன் மட்டும் 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, அதைப் போய் பண்ணைங்கிறதா? ஒரு ஆட்டு ஸ்டேஷனுக்குள்ள முதலாளி வீடு, ஆளுங்க தங்கற கொட்டகை, சமையக்காரர், மயிர் கத்தரிக்கிற பெரிய ஷெட்னு ஒரு சின்ன ஊரே இருக்கும். ஸ்டேஷன்னே விட்டாலும் வம்புதான், "தாத்தா ஸ்டேஷனுக்குப் போனார்"னா நம்மாளு போலீஸ்ல என்ன கேஸுன்னு கேப்பான்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு உதாரணம், தெற்கு ஆஸ்திரேலியாவுல ஃபரினான்னு ஒரு குட்டி ஊர். இந்தக் கோட்டுக்கு வடக்க மழையை நம்பி விதைக்காதீங்கன்னு 1865லயே சர்வேயர் கோய்டர் கோடு கிழிச்சுட்டார். கேட்டாங்களா? அதுக்கு ரொம்ப வடக்க 1878ல ஊரை அமைச்சு, கோதுமை கொட்டப்போகுதுன்னு லத்தீன்ல "மாவு"ன்னு பேரும் வெச்சாங்க. மழை ஏமாத்திடுச்சு. 1882ல ரயில் வந்து கொஞ்ச காலம் உயிர் குடுத்துச்சு, 1980கள்ல அந்த லைனையும் மூடிட்டாங்க. இப்ப இடிஞ்ச கல் சுவரும், தரைக்கடியில கட்டின ரொட்டி அடுப்பும்தான். அந்த இடிபாடு நிக்கிறதே ஃபரினா ஸ்டேஷன்ங்கிற மேய்ச்சல் நிலத்துல, அதே ஊர்ல ஒரு ரயில்வே ஸ்டேஷனும் இருந்துச்சு. ரெண்டையும் "ஃபரினா நிலையம்"னு எழுதினா படிக்கிறவன் எங்க போய் முட்டிக்கிறது?

கையில "பட்டி" இருக்கே! ஆடு அடைக்கிற இடமும் பட்டி, அதைச் சுத்தி வளர்ந்த ஊரும் பட்டி. ஸ்டேஷனுக்கு ஆட்டுப்பட்டி, அவங்க ரன்னுங்கிற பரப்புக்கு மேய்ச்சல்காடு, அடைக்கிற யார்டுக்குத் தொழுவம்னு பிரிச்சுக்கலாம். டிக்‌ஷனரியில முதல்ல இருக்கறதை எடுத்து ஒட்டறவங்களுக்கு இதெல்லாம் எங்க தோணப் போகுது.

"ஆட்டுப்பட்டியில் பிறந்தவர்"னா உசிலம்பட்டிக்காரர் மாதிரி இருக்கேன்னு ஒரு நண்பர் சிரிச்சார். இருக்கட்டுமே, பிளாட்ஃபாரத்துல பொறந்ததுக்கு அது எவ்வளவோ தேவலை.