பின்னலுக்குள் ஒரு தசை: சைபோர்க் சிறுமியின் கை எவ்வளவு தூக்கும்?

‘கன்ஸ்லிங்கர் கேர்ள்’ என்ற அனிமேவில் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) சைபோர்க்குகளாக, அதாவது பாதி மனிதர் பாதி இயந்திரமாக மாற்றப்படும் சிறுமிகளுக்குப் பொருத்தும் செயற்கைத் தசையை உண்மையிலேயே செய்ய முடியுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மேட்ஹவுஸ் ஸ்டூடியோ 2003-இல் எடுத்த 13 பகுதித் தொடர் அது. இத்தாலியில், சமூக நலப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் இயங்கும் அரசு அமைப்பு ஒன்று, உடல் சிதைந்த சிறுமிகளுக்குச் செயற்கை உறுப்புகள் பொருத்தி, மருந்து கொடுத்து மனத்தைக் கட்டிப்போட்டு, கொலையாளிகளாக வளர்க்கிறது. மூளை விஷயம் தனிக் கட்டுரைக்கு உரியது. தசையைப் பொறுத்தவரை, முடியும். 1950-களிலேயே செய்தும்விட்டார்கள்.

செய்தவர் ஜோசப் மெக்கிப்பன், அணுகுண்டு உருவான அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர். 1945 ஜூலையில் முதல் அணுகுண்டுச் சோதனையின்போது கடைசி நேரக் கட்டுப்பாட்டுக் கருவியை இயக்கியவரும் அவரே. பின்னர் அவருடைய மகளைப் போலியோ தாக்கியது. செயலிழந்த விரல்களைச் சேர்த்துப் பிடிக்கவைப்பதற்காக, கார்பன் டை ஆக்சைடு வாயுவால் சுருங்கும் தசை ஒன்றை உருவாக்கினார். தொடரில் சிறுமியின் கை ஆயுதமாகிறது. நிஜத்திலோ, ஆயுதம் செய்த இடத்திலிருந்து வந்த மூளை ஒரு சிறுமியின் கைக்காக உழைத்தது. ஆராய்ச்சிப் பணம் இந்தத் திசையில் ஓடுவதுதான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் 2006-இல் தொடங்கிய அமெரிக்காவின் பெரிய செயற்கைக் கைத் திட்டத்துக்கும் பணம் கொடுத்தது அந்நாட்டு ராணுவ ஆராய்ச்சி முகமைதான். 

தசையின் அமைப்பு எளிது. உள்ளே ரப்பர் குழாய். அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய நைலான் உறை. இரு முனைகளும் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். காற்றை அடைத்தால் குழாய் உப்பும், நீளம் குறையும், இழுக்கும்.

ஏன் குறைகிறது? வெங்காய வலைப்பையை இரு முனையிலும் பிடித்து இழுத்தால் ஒல்லியாகிறது, உள்ளே திணித்தால் குண்டாகிக் குட்டையாகிறது அல்லவா, அதுதான் இங்கும். பின்னலின் இழைகள் நீளாது. மாறக்கூடியது இழைக்கும் குழாயின் அச்சுக்கும் இடையிலுள்ள கோணம் மட்டும்தான். அழுத்தப்பட்ட காற்று அதிக இடம் தேடும். இழையின் நீளம் மாறாதபோது உள்ளேயுள்ள கன அளவு மிகப் பெரிதாவது 54.7 பாகைக் கோணத்தில். அதனால் 25 பாகையில் ஆரம்பிக்கும் பின்னல், 54.7-ஐ நோக்கித் தானாக விரிகிறது. அங்கே போனதும் இழுவிசை பூஜ்யம். அதற்கு மேல் எவ்வளவு காற்றடித்தாலும் குழாய் சுருங்காது. வால்வும் சென்ஸரும் இல்லாமல், தன் எல்லையைத் தானே அறிந்து நிற்கும் தசை! இயற்பியலில் இவ்வளவு அழகான இடங்கள் அதிகமில்லை.

இப்போது கணக்கு. பின்னலின் விட்டம் 10 மில்லி மீட்டர், கோணம் 25 பாகை, அழுத்தம் 4 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). அதே விட்டமுள்ள சாதாரண பிஸ்டன் 31 நியூட்டன் விசையே தரும் (ஒரு கிலோவைத் தூக்க ஏறக்குறைய 10 நியூட்டன் வேண்டும்). பின்னல் தசை தொடக்கத்தில் ஏறக்குறைய 250 நியூட்டன், அதாவது எட்டு மடங்கு, இழுக்கும். சுருங்கச் சுருங்க இது குறைந்துகொண்டே வரும். ஏட்டுக் கணக்கில் நீளம் 36 சதவீதம் குறைய வேண்டும். ரப்பரின் விறைப்பும் இழைகளின் உராய்வும் தின்றது போக, கையில் கிடைப்பது 25 சதவீதம் அளவுக்குத்தான்.

செய்து பார்க்க லேடெக்ஸ் டியூப், வயர்களை மூடும் பின்னல் ஸ்லீவ், ஒரு பக்கம் அடைக்க போல்ட், மறுபக்கம் காற்று நுழைய ஃபிட்டிங், இரண்டு ஹோஸ் கிளாம்ப் போதும். ஸ்லீவை நன்றாக இழுத்து ஒல்லியாக்கிய நிலையிலேயே கிளாம்பை இறுக்குங்கள். தளர்வாக இறுக்கினால் கோணம் 40-ஐத் தாண்டிவிடும், பாதிச் சுருக்கம் அங்கேயே போய்விடும். முதலில் அரை பார் அழுத்தம் மட்டும், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு. பெரும்பாலும் கெடுவது முனைதான்: கிளாம்புக்கு அடியிலிருந்து ஸ்லீவ் வழுக்கி வெளியே வரும். அடுத்தது, விரிந்த கண்ணிகளின் வழியே ரப்பர் குமிழியாகப் பிதுங்கி வெடிப்பது. நெருக்கமான பின்னல் வாங்கினால் தவிர்க்கலாம்.

இதைச் சிறுமியின் கைக்குள் வைப்போம். முழங்கை மூட்டிலிருந்து 4 செ.மீ. தள்ளித் தசை பற்றியிருக்க, உள்ளங்கை 30 செ.மீ. தொலைவில் இருந்தால், 250 நியூட்டன் அங்கே 33 ஆகச் சுருங்கிவிடும். அதாவது 3.4 கிலோ. 34 கிலோ தூக்கப் பத்துக் குழாய் வேண்டும். சுருங்கும்போது ஒவ்வொன்றும் 19 மி.மீ. வரை பருக்கும். பத்தும் சேர்ந்தால், இடைவெளியே இல்லாவிட்டாலும், 6 செ.மீ. விட்டம். பத்து வயதுக் குழந்தையின் மேற்கையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். எலும்புக்கு இடமில்லை. தசை இழுக்க மட்டுமே செய்யும், தள்ளாது. ஆகவே கையை நீட்டப் பின்பக்கமும் குழாய்கள் வேண்டும். முன்னால் நான்கு, பின்னால் மூன்று என்று பங்கிட்டால் தூக்கும் எடை 14 கிலோவைத் தாண்டாது. 20 செ.மீ. குழாய் ஒன்று முழுதாகச் சுருங்க, 170 மில்லி லிட்டர் அளவு வெளிக்காற்றை அழுத்தி அனுப்ப வேண்டும். ஓடும், குதிக்கும் உடலுக்கு அதைத் தர முதுகில் ஒரு கம்ப்ரஸர் இரைந்துகொண்டே இருக்கும். ஒளிந்திருந்து சுடும் வேலைக்கு அந்தச் சத்தம் ஒன்றே போதும், காட்டிக்கொடுத்துவிடும்.