கருப்பொருள் கண்காட்சிக்கு மரக் கடைசல் வேலை அனுப்பப் போகிறீர்களா?

நல்ல வேலையைக் கையில் வைத்துக்கொண்டே கண்காட்சித் தேர்வில் விடுபட்டுப் போகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். கிண்ணத்தின் சுவர் சீராக இருக்கும், மெருகு அருமையாக இருக்கும், ஓர் உளித்தடம்கூடத் தெரியாது. ஆனால் நடுவர்கள் அந்தக் கிண்ணத்தைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. அவர்கள் பார்த்தது சில படங்களையும் ஒரு பத்தி எழுத்தையும்தான். நான் அமெரிக்காவில் மரக் கடைசலைத் தொழிலாகச் செய்கிறேன். என் வேலைகளை அனுப்புவதோடு, மற்றவர்கள் அனுப்புவதற்கு முன் அவர்களுடைய விண்ணப்பத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்வதும் வழக்கம். அதில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதை இங்கே எழுதுகிறேன்.

இந்தத் துறையில் நடுவர் தேர்வுக் கண்காட்சிகளுக்கு வயது அதிகமில்லை. அமெரிக்க மரக் கடைசலாளர் சங்கம் 1986-இல் தொடங்கியது. உள்ளே குடைந்த கலங்களுக்குப் பேர்போன டேவிட் எல்ஸ்வொர்த் அதன் முதல் தலைவர். அதே காலத்தில் ஃபிலடெல்ஃபியாவில் ஆல்பர்ட் லெகாஃப் உருவாக்கிய மரக் கடைசல் மையம் 1988-இல் நடத்திய சர்வதேசக் கண்காட்சி, கடைசல் வேலையைக் கலைக்கூடத்துப் பொருளாகப் பார்க்க வைத்த நிகழ்வுகளில் ஒன்று. இன்று சங்கம் ஒரு சொல்லையோ சொற்றொடரையோ கருப்பொருளாக அறிவித்து வேலைகளை அழைக்கிறது. தேர்வானவை ஆண்டு மாநாட்டிலும், மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரத்தில் லேண்ட்மார்க் சென்டர் கட்டடத்திலுள்ள காட்சிக்கூடத்திலும் மக்கள் பார்வைக்கு வருகின்றன. உள்ளூர்ச் சங்கங்களும் சிறிய அருங்காட்சியகங்களும் இதே முறையில் நடத்துகின்றன.

எல்லாருக்கும் முதலில் தடுமாற்றம் தருவது கருப்பொருள்தான். 'சமநிலை' என்று ஒரு சொல் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறிவிப்பைப் படித்த ஐந்து நிமிடத்துக்குள் உங்கள் மனதில் ஒரு கிண்ணம் வரும்: ஒரு சிறு முனையில் சாய்ந்து நிற்கிற கிண்ணம். இல்லையென்றால் தராசு. இல்லையென்றால் பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. அதே ஐந்து நிமிடத்தில் இன்னும் பல பேருக்கும் அதுவேதான் தோன்றியிருக்கும். நடுவர் மேசையில் ஒரே மாதிரி சாய்ந்த கிண்ணங்கள் வரிசையாக வரும்போது, அவற்றில் மிகச் சிறந்த ஒன்றுதான் தப்பிக்கும்.

ஆகவே முதலில் தோன்றியதை எல்லாம் ஒரு தாளில் எழுதி ஓரமாக வையுங்கள். அப்புறம் மரத்தைச் சுழற்றிக் கடையும் உங்கள் லேத்துக்குப் பக்கத்தில் போய் நின்று யோசியுங்கள். கடைகிறவருக்குச் சமநிலை அகராதிச் சொல்லாகவா தெரியும்? எடை ஒருபக்கம் சாய்ந்த மரத்துண்டை லேத்தின் பிடியான சக்கில் மாட்டினால் இயந்திரமே நடுங்கும், வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். மையத்தை மாற்றி மாற்றிக் கடையும்போது ஒவ்வோர் அச்சிலும் எடை எங்கே விழுகிறது என்று உடம்புக்கே தெரியும். சுவரை ஒருபக்கம் தடிமனாக விட்டு, வெளியிலிருந்து பார்த்தால் விழுந்துவிடும் போலிருக்கிற ஒரு கலத்தை நேராக நிற்க வைக்க முடியும். இது வேறு எந்தக் கலைஞரையும்விடக் கடைசல்காரருக்குத்தான் தெரிந்த விஷயம். தொழிலுக்குள்ளிருந்து இப்படிக் கிடைக்கிற பதில் மற்றவர்களுடையதோடு எளிதில் மோதாது.

இதற்கு நேர் எதிரான வழக்கம் ஒன்று இருக்கிறது. அலமாரியில் ஏற்கெனவே இருக்கிற ஒரு நல்ல வேலையை எடுத்து, தலைப்பை மட்டும் கருப்பொருளுக்கு ஏற்றாற்போல் மாற்றி அனுப்புவது. எப்போதும் இது தவறு என்று சொல்ல மாட்டேன். சில வேலைகள் உண்மையாகவே பொருந்தும். ஆனால் பொருந்தாத வேலைக்கு எழுதும் விளக்கம் நீண்டுகொண்டே போகும். இந்த வளைவு வாழ்க்கையின் ஏற்ற இறக்கம், இந்த வெடிப்பு மனிதகுலத்தின் துயரம் என்று எழுத வேண்டிவந்தால், அந்த வேலையை வேறு கண்காட்சிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழர், 'நினைவு' என்ற கருப்பொருளுக்கு அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் மரபில் ஒரு தொகுதி செய்தார். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் பிடிக்கும் அல்லவா, அந்த முறையிலேயே நிறமேற்றினார். அடுப்பு, குடம், அம்மி, திருகை எல்லாம் கட்டைவிரல் உயரம்; ஒன்றில் மட்டும் நிறமே இல்லை, வெறும் மரம். நமக்குப் பார்த்த உடனே புரிகிறது. அமெரிக்க நடுவருக்கு அது அழகான பொம்மை வரிசை, அவ்வளவுதான். முதல் வரைவில் அவர் தமிழ்ப் பண்பாட்டின் தொன்மை பற்றி எழுதியிருந்தார். அதை எடுத்துவிட்டு மூன்று வாக்கியங்கள் எழுதச் சொன்னேன்: இவை தென்தமிழ்நாட்டில் குழந்தைகள் சமைத்து விளையாடும் பாத்திரங்கள், நிறம் அரக்கு, நிறமில்லாதது என் அம்மாவின் வீட்டில் தொலைந்துபோன துண்டு. எழுத்து இதற்கு மேல் செய்ய வேண்டியதில்லை. பார்க்கிறவருக்குக் கண்ணால் தெரியாததை மட்டும் அது சொன்னால் போதும்.

உங்கள் குறிப்பைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கடைசலைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் முதலில் படத்தை மட்டும் காட்டி, என்ன தெரிகிறது என்று கேளுங்கள். பிறகு குறிப்பைக் கொடுங்கள். "ஓ, அப்படியா!" என்று திரும்பவும் படத்தைப் பார்த்தால் குறிப்பு வேலை செய்கிறது. படத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினால் மாற்றி எழுத வேண்டும்.

அடுத்தது காலம். மரத்துக்குக் கண்காட்சியின் கடைசித் தேதி தெரியாது. பச்சை மரத்தில் கிண்ணம் செய்கிறவர்கள் இரண்டு முறை கடைவார்கள்: முதலில் முரட்டு வடிவம், காய்ந்த பிறகு இறுதி வடிவம். முரட்டு வடிவத்தில் சுவரின் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதாவது 12 அங்குலக் கிண்ணத்துக்கு ஏறக்குறைய 1.2 அங்குலச் சுவர். அது காய மாதங்கள் ஆகும். அவ்வப்போது எடை போட்டு, எடை குறைவது நின்றால்தான் இறுதிக் கடைசல். அறிவிப்பு வந்த பிறகு பச்சை மரம் தேடுகிறவர் பெரும்பாலும் காயாத மரத்தோடு கடைசித் தேதியை அடைவார். ஆண்டு முழுதும் முரட்டு வடிவங்களைக் கடைந்து காயப்போட்டு வைப்பவருக்கு இந்தத் தவிப்பு இல்லை.

காய்ந்த மரமும் சும்மா இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கிற இடத்தில் மரத்துக்குள் ஏறக்குறைய 12 சதவீத ஈரம் நிற்கும். 30 சதவீத ஈரப்பதமுள்ள, குளிர்காலத்தில் வெப்பமூட்டிய கட்டடத்தில் அது 6 சதவீதத்துக்கு இறங்கும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ கடைந்து அனுப்பியவர்களுக்கு இது நிஜமான ஆபத்து. மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு சுருங்காது. மரத்தின் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, ஆரத் திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நீளவாக்கில் மிகக் குறைவு. அதனால்தான் கச்சிதமாகப் பொருந்திய மூடி அங்கே போய்ச் சேர்ந்ததும் இறுகிவிடுகிறது, வட்டம் நீள்வட்டமாகிறது, மர ரேகைகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து ஒட்டிய இணைப்பில் கோடு விழுகிறது. மூடிக்குக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், உலோக வளையத்தை இறுக்கமாகப் பதிக்காதீர்கள். முடிந்தால் இறுதிக் கடைசலுக்கு முன் சில வாரம் குளிர்சாதன அறையில் வையுங்கள்.

இனி படம். பதிவுக்கட்டணத்தை யோசிக்காமல் கட்டுகிறோம், படத்துக்குச் செலவு செய்யத் தயங்குகிறோம். சாப்பாட்டு மேசையில் வைத்து, பின்னால் திரைச்சீலையோடு எடுத்த படம், சரியில்லாத வேலை என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடும். முதல் சுற்றில் நடுவர்கள் நிறையப் பதிவுகளை வரிசையாகப் பார்க்கிறார்கள். உங்கள் படத்துக்குக் கிடைக்கும் நேரம் குறைவு.

பின்னணி சாம்பல் நிறம் போதும். மேலே கருமையாகவும் கீழே வெளுப்பாகவும் மாறிச்செல்லும் பின்னணித்தாள் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கருமரத்தின் விளிம்பும் வெளுத்த மரத்தின் விளிம்பும் இரண்டுமே அதில் பிரிந்து தெரியும். வெளிச்சத்தை நேராக அடிக்காதீர்கள். பளபளப்பான மெருகில் விளக்கே வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்து ரேகையை அழித்துவிடும். விளக்குக்கும் பொருளுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைத் துணியோ தாளோ வையுங்கள். கேமராவை முக்காலியில் வைத்து, சற்றுத் தள்ளி நின்று, நீண்ட குவியத்தூர லென்ஸில் எடுங்கள். கைப்பேசியை அருகில் கொண்டுபோய் எடுத்தால் கிண்ணத்தின் முன்பக்கம் வீங்கி, அடி சிறுத்துத் தெரியும். நீங்கள் பாடுபட்டு வரைந்த வளைவை லென்ஸே மாற்றிவிடுகிறது. லென்ஸின் துவாரத்தை எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைத்தால் முன்விளிம்பும் பின்விளிம்பும் தெளிவாக இருக்கும்.

கிண்ணத்துக்குக் கொஞ்சம் உயரத்திலிருந்து, உள்பக்கம் தெரியும்படி. குடைந்த கலத்துக்குக் கீழிறங்கி, தோள்வளைவு தெரியும்படி எடுங்கள். முதல் படம் முழு வேலை, இரண்டாவது வேறு கோணம், மூன்றாவது அருகுக் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அருகுக் காட்சியில் கருப்பொருளோடு தொடர்புள்ள இடத்தைக் காட்டுங்கள். பக்கத்தில் பூவோ நாணயமோ வைக்க வேண்டாம். படத்திலும் கோப்பின் பெயரிலும் உங்கள் பெயர் இருக்கக் கூடாது; பெயர் மறைத்த தேர்வில் அது விதிமீறல். பல கண்காட்சிகள் விண்ணப்பம் வாங்கப் பயன்படுத்தும் கஃபே (CaFE) என்ற இணையத்தளத்தில் படத்தின் நீண்ட பக்கம் குறைந்தது 1200 பிக்சலும் கோப்பு 5 எம்பிக்குள்ளும் இருக்க வேண்டும். நிறத்தைக் கணினியில் அதிகமாக ஏற்றாதீர்கள். பெட்டியைத் திறக்கும்போது படத்தில் கண்ட மரம் வெளியே வரவில்லை என்றால், தேர்வான வேலையையே திருப்பி அனுப்பும் உரிமை அமைப்பாளருக்கு உண்டு என்று பெரும்பாலான விதிமுறைகள் சொல்கின்றன.

விதிமுறைகளை முழுவதும் படியுங்கள். அளவு எல்லை, எத்தனை ஆண்டுக்குள் செய்தது, முன்பு வேறெங்காவது காட்டியதா என்பவைதான் அதிகம் பேரை வெளியே தள்ளுபவை. பயிற்சி வகுப்பில் ஆசிரியர் வழிகாட்டச் செய்த வேலையைப் பலர் ஏற்பதில்லை. விலையும் முக்கியம்: காட்சிக்கூடத்தின் தரகு கழிந்த பிறகு உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று கணக்கிட்டு எழுதுங்கள். வேறிடத்தில் விற்கும் விலையும் இங்கே எழுதும் விலையும் ஒன்றாக இருக்கட்டும். வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் அங்கேயே தேடுங்கள். காட்சிக்கூடத்துக்குள் இருக்கும்வரைதான் அவர்களுடைய காப்பீடு என்றால், போகவரச் செலவும் ஆபத்தும் உங்களுடையது.

மரத்தைப் பற்றிய சட்டங்களை நம்மவர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஈட்டி மரம் (ரோஸ்வுட்) உட்பட, டால்பெர்ஜியா பேரினத்தில் பிரேசிலிய ஈட்டி தவிர மற்றவை எல்லாம் 2017 ஜனவரி முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஓர் அனுப்புகையில் அந்த மரம் 10 கிலோ வரை உள்ள செய்துமுடித்த பொருள்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் பிரேசிலிய ஈட்டி இன்னும் கடுமையான முதல் பட்டியலில் இருப்பதால் அதற்கு இது பொருந்தாது. செம்மரமும் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, இந்தியாவிலிருந்து ஏற்றுமதிக்குக் கடுமையான கட்டுப்பாடும் உண்டு. அதைத் தொடாமலிருப்பதே நல்லது. இறகு, தந்தம் பதித்த வேலைகளிலும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையின் இறகு கீழே விழுந்து கிடந்ததாக இருந்தாலும் வைத்துக்கொள்ளக் கூடாது. பயன்படுத்திய மரத்தின் அறிவியல் பெயரையும் அது எங்கே கிடைத்தது என்பதையும் செய்யும்போதே குறித்து வையுங்கள். பெட்டிக்குப் பச்சைப் பலகை அடிக்காதீர்கள்: 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள பலகையில் செய்த பெட்டி எல்லை தாண்ட வேண்டுமானால், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதற்கோ, ஏற்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தப்பட்டதற்கோ முத்திரை வேண்டும். பிளைவுட்டுக்கும் அட்டைப்பெட்டிக்கும் அந்தத் தொல்லை இல்லை.

பெட்டிக்குள் பெட்டி வையுங்கள், இரண்டுக்கும் நடுவில் இரண்டு அங்குல நுரை. பொருளின் வடிவத்துக்கு வெட்டிய நுரையே நல்லது, உதிரி நுரை நகர்ந்துவிடும். திரும்ப அனுப்பும்போது கட்டப்போகிறவர் உங்கள் வேலையை அதற்கு முன் பார்த்திராத ஒரு தன்னார்வலர். எந்தத் துண்டு எங்கே போகிறது என்று படம் எடுத்து மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

தேர்வாகவில்லை என்று கடிதம் வந்தால், அந்த ஆண்டு நடுவர்கள் யார், எவ்வளவு இடம் இருந்தது, ஒரே யோசனையில் எத்தனை வேலைகள் வந்தன என்பவை எல்லாம் அந்த முடிவில் கலந்திருக்கும். நடுவர் குழு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, ஒரு குழு விட்டதை இன்னொரு குழு எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சில அமைப்புகள் கேட்டால் நடுவர் கருத்தைத் தரும். மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். கண்காட்சி நடக்கிற ஊரில் இருந்தால் நேரில் போய், தேர்வான வேலைகளுக்கு முன்னால் நின்று பாருங்கள். கூடவே கண்காட்சிப் பட்டியல் நூலில் வந்த அவற்றின் படங்களையும் வைத்துக்கொண்டு, எந்தக் கோணத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று ஒப்பிடுங்கள். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் காய வைக்க வேண்டிய முரட்டு வடிவங்களை அந்த வாரமே கடையத் தொடங்கலாம்.